நான் வெட்டிய ஒற்றை வரி

1. பிரிக்கப்படாத உறை

தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரியில் நான் வைத்திய உதவியாளராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணியளவில் பெரிய பால்மா டின் ஒன்றை மேசைமேல் கவிழ்த்தேன். தோட்டத்து மக்கள் தம் வீடுகளில் மிஞ்சிக்கிடந்த மாத்திரைகளை என் வேண்டுகோளுக்கு இணங்கி அந்த டின்னில் போட்டிருந்தார்கள். அவற்றை இனம்பிரித்து, பட்டியலிட்டு, முறைப்படி அழிப்பதற்காகப் பதுளைக்கு அனுப்ப வேண்டும். அதுவே அன்றைய வேலை.

எண்ணும்போது என் மனத்தில் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். எட்டு நாட்களுக்கு முன்னர் நான் ஆற்றிய ஓர் உரைதான் அந்த டின்னை நிரப்பியது. பாதி வெட்டிய அட்டைகள், நிறம் மங்கிய வில்லைகள், எதற்கென்று தெரியாத சிவப்பு மஞ்சள் உறைகள் எல்லாம் என் சொல்லுக்குக் கிடைத்த வெற்றியின் சான்றுகளாக எனக்குத் தோன்றின.

அவற்றுக்கிடையே ஒரு பழுப்புக் காகித உறை மட்டும் பிரிக்கப்படாமல் இருந்தது. உள்ளே அமொக்ஸிசிலின், ஒரு வில்லைகூடக் குறையவில்லை. உறையின் மேற்பகுதியில் பெயர் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. பெயரைக் கிழித்துவிட்டே போடும்படி சொன்னவள் நான்தான்; யாரும் கூச்சப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். எஞ்சிய பகுதியில் சென்ற மாதத்துத் திகதியும், அதன்கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வாசகமும் இருந்தன.

"காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம் கண்டவுடன் குடிக்கவும். குடித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்."

இரண்டு முறை வாசித்தேன். சாதாரண நோயாளிக்கு எந்த வைத்தியரும் இப்படி எழுதிக் கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் முதலில் சோதிப்போம், பிறகே மருந்து தருவோம். மருந்தை முதலிலும் சோதனையை அடுத்தும் வைக்கவேண்டிய மனிதர்கள் மிகச் சிலர். அவர்களைப் பற்றி என் பயிற்சிக் காலத்துக் கொப்பியில் நானே அடிக்கோடிட்டு எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.

2. எட்டு நாட்களுக்கு முன்னர்

பாடசாலைக் காலத்தில் நான் விவாத அணியின் தலைவி. மாகாண மட்டத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த விவாதி என்ற பட்டம் எனக்கே கிடைத்தது. ஒலிபெருக்கி பழுதானால் மற்றவர்கள் கலங்குவார்கள், நான் மகிழ்வேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பெண் மேடையேறினால் அவையின் பின்வரிசையில் ஓர் ஏளனப் புன்னகை தோன்றும். அந்தப் புன்னகையை மூன்றாவது நிமிடத்தில் கைதட்டலாக மாற்றுவது எனக்குப் பழகிய வேலை.

எனவே, வைத்தியர் எழுதித்தரும் துண்டு இல்லாமல் நோய்க்கிருமி கொல்லும் மாத்திரைகளை விழுங்கும் வழக்கம் தோட்டத்தில் பரவியிருப்பதைக் கண்டபோது, அதைச் சொற்பொழிவால் வெல்வதென்று தீர்மானித்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே பேச அனுமதி பெற்றேன். இரண்டு இரவுகள் உரையை எழுதினேன், திருத்தினேன், கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

அந்த உரையின் முதற்பிரதியில் ஒரு வரி இருந்தது: "வைத்தியர் உங்களுக்கென்று தனியாகக் குறித்து, கைவசம் வைத்திருக்கச் சொன்ன மருந்தைத் தவிர."

அந்த வரியை நான் வெட்டினேன். வேகமாக ஏறிவரும் பேச்சின் உச்சியில் அது கால் இடறியது. 'தவிர' என்ற சொல் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். குரல் தாழ்ந்தால் கைதட்டல் பிந்தும். விவாத மேடை எனக்குக் கற்பித்த முதல் விதியும் அதுவே: எதிரணிக்கு ஒரு சன்னலைக்கூடத் திறந்து வைக்காதே. பெரட்டுக் களத்தில் எதிரணி யார் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அன்று காலை மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. கூடைகளோடு நின்ற பெண்களின் முன்னே நான் முழங்கினேன்.

"அலமாரியில் உறங்கும் மாத்திரை, ஆபத்துக்கு உதவும் தோழன் அல்ல, ஆபத்தையே அழைத்துவரும் தூதன்! காய்ச்சல் கண்ட கணமே மாத்திரை தேடி ஓடாதீர்கள். தன்னைக் காக்கும் காவலை உடம்பு தானே அறியும். அதற்கு அவகாசம் கொடுங்கள்! வீட்டில் மிஞ்சியதை எல்லாம் இந்த டின்னில் போடுங்கள். இதில் எவருக்கும் விதிவிலக்கில்லை. எனக்கும் இல்லை, துரைக்கும் இல்லை!"

தோட்ட நிர்வாகியைக் குறிக்கும் துரை என்ற சொல் வந்ததும் களம் அதிர்ந்தது. இராசமாணிக்கம் கங்காணி, கொழுந்து மலையில் பெண்களை மேற்பார்க்கும் பெரியவர், கையை உயர்த்தித் தட்டினார். பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"மிஸ் பேச ஆரம்பிச்சா தேயிலையே தலையாட்டுது. ஆனா இருபது நிமிஷம் பேசிட்டீங்க. இனி நா போயி கத்துனா ஒருத்தியும் மதிக்க மாட்டா."

அன்று மாலைக்குள் டின் பாதி நிறைந்தது.

3. தேடல்

உறையைக் கையில் வைத்துக்கொண்டே பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே எனக்கு அறிமுகமான வைத்தியர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்தவர்; என்னைவிடச் சில வயதே மூத்த பெண்; வீண் சொல் பேசாதவர்.

"உறையில என்ன எழுதியிருக்கு? அப்பிடியே வாசியும்," என்றார். வாசித்தேன்.

"பிள்ளை, அது மண்ணீரல் எடுத்த ஆளுக்குக் குடுக்கிற மருந்து. அது எப்பிடி உம்மட கையில வந்தது?"

"நான் கேட்டு வாங்கினேன், டொக்டர்."

"விளக்கம் பிறகு கேக்கிறன். முதல்ல ஆளைத் தேடிப் பிடியும். ஆளுக்குக் காய்ச்சல் எண்டால் ஒரு மணித்தியாலமும் பெரிசு. முதல் டோஸைக் குடுத்துப்போட்டு இஞ்ச அனுப்பும். எனக்குக் கோல் எடும்," என்றார்.

யாரென்று தேடுவது? எனக்கு முன்பு பணியாற்றியவர் விட்டுச்சென்ற நோயாளர் அட்டைகள் இரண்டு மரப்பெட்டிகள் நிறைய இருந்தன. அவற்றை நான் அதுவரை முழுமையாக வாசித்திருக்கவில்லை. உரை எழுதக் கிடைத்த இரண்டு இரவுகளை அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்திருந்தால் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்தக் குறிப்பை எழுத வேண்டியிருந்திராது. இப்போது ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினால் மாலையாகிவிடும். டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, உறையையும் சோதனைக் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்கு ஓடினேன்.

கங்காணி ஒரு கல்லின்மேல் நின்று பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நம்ம தோட்டத்துல யாருக்காவது வயித்துல பெரிய ஆப்பரேஷன் நடந்திருக்கா?"

"நல்லா கேட்டீங்க மிஸ். இங்க நிக்கிறதுல பாதிப் பேருக்கு வயித்துல தையல் இருக்கு. புள்ள பொறக்கயில போட்டது, புள்ள போதும்னு போட்டது. எந்தத் தையல் வேணும் உங்களுக்கு?"

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. "இடது பக்கம் ஐயா. விழுந்து, உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, அவசரமா அறுத்தது."

அவருடைய முகம் மாறியது. "அது நம்ம பஞ்சவர்ணம். ரெண்டு வருஷம் ஆச்சு. மழையில சறுக்கி, தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்து, கல்லு விலாவுல குத்திருச்சு. பதுளையில வச்சு என்னமோ ஒரு உறுப்பையே எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க."

"எந்த நிரையில நிக்கிறாங்க?"

"இன்னிக்குப் பெரட்டுக்கே வரலியே. குளுருது, எந்திரிக்க முடியலன்னு பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட சொல்லி விட்டுச்சு. நானும், சரி, வேலைக்குக் கள்ளம் போடுதுன்னு..."

இருவரும் இறங்கி ஓடினோம்.

4. என் உரையே எனக்கு எதிரணி

பஞ்சவர்ணம் அக்கா தோட்டத்தின் மேற்பிரிவில், மேற்கணக்கு லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். கணவர் கொழும்பில் வேலை செய்தார், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. இரண்டு கம்பளிகளுக்கு மேலே, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அந்தச் சுமை முழுவதும் நடுங்கியது. பக்கத்தில் மல்லித் தண்ணீர் ஆறிக்கிடந்தது.

"எப்ப இருந்து அக்கா?"

"விடியக்காலம் இருந்து மிஸ். பெரட்டுக்குச் சங்கு ஊதயில எந்திரிச்சேன். தூக்கிப் போட்டுருச்சு."

காய்ச்சல் நூற்று மூன்றைக் கடந்திருந்தது. நாடி ஓடியது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் தொண்ணூறைத் தொட மறுத்தது. எனக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி இந்த மாத்திரை குடிச்சுத் தடிப்பு, மூச்சுமுட்டு ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல."

வில்லைகளைப் பிரித்துத் தண்ணீரோடு நீட்டினேன். "இப்பவே குடிங்க."

அவர் வாங்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"இது என் மாத்திரைதானே? டின்னுல போட்டேனே. அதையே தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஆமாங்க அக்கா. குடிங்க."

"என்னா மிஸ் இது? அம்புட்டுப் பேரு முன்னாடி என்னா சொன்னீங்க? ஒடம்புக்குத் தன் காவலு தானே தெரியும், அவகாசம் குடுங்கன்னு சொன்னீங்கல்ல? நா அவகாசம் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"அது மத்தவங்களுக்குச் சொன்னது..."

"மத்தவங்களுக்கா? எவருக்கும் விதிவிலக்கில்லைன்னீங்க. துரைக்கும் இல்லைன்னீங்க. துரைக்கே இல்லாதது எனக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு? ரெண்டு வருஷமா, பதுளையில புதுசு புதுசா மாத்திக் குடுக்குற உறைய முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். எல்லாரும் போடயில நா மட்டும் ஒளிச்சு வச்சா அது திருட்டுத்தனம்னு தோணுச்சு. போட்டுட்டேன்."

வாசலில் நின்ற கங்காணி மூச்சிரைப்புக்கு நடுவிலும் சிரித்துவிட்டார். "மிஸ், உங்க பேச்சு பலமாத்தான் ஏறியிருக்கு."

நான் வாதிடத் தொடங்கினேன். பழக்கம் என்னை விடவில்லை. "அக்கா, மூணு காரணம் சொல்றேன். முதலாவது..." என்று விரலை மடக்கினேன். அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதும் ஒலி என் குரலுக்கு மேலாகக் கேட்டது. என் வாழ்நாளில் எந்த விவாத மேடையின் மணியோசையும் என்னை இவ்வளவு விரைவாக நிறுத்தியதில்லை. மூன்று காரணங்களைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடங்களாவது ஆகும். அந்த நேரத்தைக் கடனாகக் கொடுக்கும் நிலையில் அவர் இல்லை.

"நான் சொன்னது தப்பு அக்கா," என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கினார். "தப்பா?"

"தப்பு. உங்களுக்கு விதிவிலக்கு இருக்கு. அந்த வரிய எழுதி வச்சிருந்தேன். நல்லா இல்லைன்னு நான்தான் வெட்டிட்டேன்."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ எதிரணிகளை மடக்கியிருக்கிறேன். ஒரு மேடையிலும் இந்தச் சொற்களை நான் உச்சரித்ததில்லை. அவர் கையை நீட்டி வில்லைகளை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, கங்காணி சிரிக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிருப்பேன்ல," என்றார்.

5. கடவையும் தேநீரும்

கங்காணியின் மருமகன் ஆட்டோ கொண்டுவந்தான். பஞ்சவர்ணம் அக்காவை நடுவில் இருத்தி ஒரு பக்கம் நான் அணைத்துக்கொண்டேன், மறுபக்கம் கங்காணி. வைத்தியருக்கு நேரம், காய்ச்சல், அழுத்தம், கொடுத்த மருந்து ஆகியவற்றை வரிசையாகச் சொன்னேன். "வாரும், நான் வாசல்ல நிக்கிறன்," என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

பாதி வழியில் ரயில் கடவை மூடியிருந்தது. வாழ்க்கையில் அத்தனை ரயில்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மெதுவாக ஓடிய ஒரு ரயிலை நான் பார்த்ததில்லை. பெட்டிக் கதவுகளில் தொங்கிய சுற்றுலாப் பயணிகள் எங்களைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார்கள். பஞ்சவர்ணம் அக்கா கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்துத் திருப்பி அசைத்தார்.

"என்னா பண்றீங்க அக்கா?"

"பாவம், ஆட்டுறாங்கல்ல? எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. கை அதுபாட்டுக்கு ஆடுது."

கங்காணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. என் நிலையும் அதுவாகவே இருந்தது.

வைத்தியர் சொன்னபடியே வாசலில் நின்றார். தள்ளுவண்டி தயாராக இருந்தது. இரத்தம் எடுத்தார்கள், நாளத்தில் மருந்தையும் சேலைனையும் ஏற்றினார்கள். கதவு மூடியது.

அதன்பின் நாங்கள் தாழ்வாரத்து வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தோம். உரை நிகழ்த்தியவருக்கு மிகக் கடினமான தண்டனை, எதையும் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது. கங்காணி தேநீர் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். அதில் ஆடை படிந்தது, நான் தொடவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நானுந்தான் மிஸ், கள்ளம் போடுதுன்னு நெனச்சேன்," என்றார். அவ்வளவுதான். என் குற்றத்தின் பக்கத்தில் தன் குற்றத்தையும் வைத்து, வாங்கில் எனக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தியர் வெளியே வந்தார்.

"பிரஷர் ஏறியிட்டுது. ஆள் கதைக்குது. தனக்கு இண்டைக்குப் பேர் விழுமோ எண்டு கங்காணியைக் கேக்கச் சொல்லுது." பிறகு என்னைப் பார்த்தார். "இனிப் பயமில்லை எண்டு இப்ப நான் சொல்லமாட்டன். ஆனா நீர் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கலாம்."

குடித்தேன். ஆறி, ஆடை படிந்து, சர்க்கரை அடியில் தங்கிய தேநீர். அதைவிடச் சுவையான ஒன்றை நான் இன்றுவரை குடித்ததில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த கல் ஒவ்வொரு மிடறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"விழும்னு சொல்லுங்க டொக்டர்," என்றார் கங்காணி. "ரெண்டு நாளுக்குச் சேத்தே போடுறேன்னு சொல்லுங்க." பெரட்டுக்கு வராதவருக்கு வேலைநாள் பதிவு போடுவது அவர் அதிகாரத்தில் இல்லை. அன்று அதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

6. கொழுந்து மடுவம்

மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது பஞ்சவர்ணம் அக்கா கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தார். இரத்தச் சோதனையில் நிமோகொக்கஸ் என்னும் கிருமி வளர்ந்திருந்தது. மருந்து அதற்குச் சரியாகவே பொருந்தியிருந்தது. வைத்தியர் சுற்று முடித்து அங்கே வந்தார். அக்கா அவரை விடவில்லை.

"எடுக்கயில, இந்த உறுப்பு இல்லாமலும் வாழலாம்னு சொன்னாங்க டொக்டர். அப்பறம் ஏன் இந்தப் பாடு?"

"வாழலாம் அக்கா. ஆனா இல்லையெண்டு தெரிஞ்சு வாழவேணும்," என்றார் வைத்தியர். பிறகு அவர் விளக்கினார். புதிதாகப் பணிக்கு வரும் உங்களுக்காக அதை இங்கே என் நடையில் தருகிறேன். இது பாடநூலில் உள்ளதுதான், ஆனால் பாடநூல் நடுங்குவதில்லை.

மண்ணீரல் இடது விலாவின் கீழே இருக்கும், கைப்பிடி அளவுள்ள உறுப்பு. உடம்பெங்கும் விரைந்தோடும் இரத்தத்தில் ஒரு பங்கு அங்கே மட்டும் நிதானமாகச் செல்ல வேண்டியிருக்கிறது. மிகக் குறுகிய இடுக்குகளுக்கு ஊடாக நுழைந்து வெளியேற வேண்டியிருக்கிறது. முதிர்ந்து வலுவிழந்த சிவப்பணுக்கள் அந்த இடுக்குகளில் சிக்கி அகற்றப்படும். அதே இடத்தில்தான் இரத்தத்தில் நுழைந்த அயற்கிருமியும் இனங்காணப்படுகிறது. சில கிருமிகள் வழுக்கும் மேலுறை அணிந்தவை. வெள்ளணுக்கள் எட்டிப் பிடித்தாலும் நழுவிவிடும். அவற்றின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு பிடிமானம் தரும் எதிர்ப்புப் புரதங்களை மிக விரைவாகச் செய்யும் சிறப்பான அணுக்கள் மண்ணீரலிலேயே பெருமளவில் குடியிருக்கின்றன. எந்தப் படையை எழுப்புவது, எவ்வளவு எழுப்புவது, எப்போது அடக்குவது என்னும் ஒழுங்கிலும் அதற்குப் பங்குண்டு.

மண்ணீரல் இல்லாதவருக்கு ஈரலும் மற்ற உறுப்புகளும் இயன்றதைச் செய்யும். பெரும்பாலான காய்ச்சல்களை அவர் நம்மைப்போலவே கடந்துவிடுவார். ஆனால் வழுக்கும் மேலுறைக் கிருமி வந்துவிட்டால், முதல் எச்சரிக்கை பிந்துகிறது. பிந்திய அந்தச் சில மணி நேரத்தில் கிருமி பலவாகப் பெருகிவிடுகிறது. அதன்பின் உடம்பு எழுப்பும் எதிர்ப்பே கட்டுமீறி உடம்பை வீழ்த்துகிறது. தடுப்பூசிகள் இந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்குவதில்லை. ஆகவேதான் கையில் ஓர் உறை. காய்ச்சல் ஒன்றே அவருக்குப் போதிய அறிகுறி.

பஞ்சவர்ணம் அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சற்றே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அது நம்ம கொழுந்து நிறுக்கிற மடுவம் மாதிரி. மலையில ஓட்டமும் நடையுமாப் பறிச்சுட்டு வந்தாலும், மடுவத்துல சாக்க எறக்கி நின்னுதான் போகணும். முத்தல் எலையப் பொறுக்கி வீசுவாங்க. களையோ கல்லோ கெடந்தா, யாரு சாக்குன்னு கண்டுபிடிச்சுச் சத்தம் போடுவாங்க. எனக்கு இப்ப மடுவம் இல்ல. சாக்கு நேரா ஃபெக்டரிக்குப் போகுது."

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் நீர் அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும். எத்தனை நிமிசம் பேசினனீர்?"

"இருபது," என்றேன்.

"இவ அரை நிமிசம்."

நான் தோற்ற விவாதங்கள் மிகக் குறைவு. எனக்கு மகிழ்ச்சி தந்த தோல்வி அது ஒன்றுதான்.

7. மறு பெரட்டு

பத்தாம் நாள் அக்கா வீடு திரும்பினார். அதற்குள் நான் இரண்டு மரப்பெட்டிகளையும் முழுமையாக வாசித்துவிட்டேன். பஞ்சவர்ணம் அக்காவின் அட்டையில், எனக்கு முன்பு இருந்தவர் சிவப்பு மையில் தெளிவாகவே எழுதியிருந்தார். வேறோர் அட்டையும் கிடைத்தது: ஃபெக்டரியின் காவலாளி ஒருவர், இளமையில் ஓர் இரத்த நோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர். அவரிடம் உறையும் இல்லை, தடுப்பூசி போட்ட குறிப்பும் இல்லை. அவரை அதே வாரம் பதுளைக்கு அனுப்பினேன். "எனக்கு ஒண்ணுமில்லியே மிஸ்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். உறையோடும் தடுப்பூசி அட்டையோடும் வந்தார். அந்தத் தவறு நிகழாதிருந்தால் அவரை நான் கண்டிருக்கமாட்டேன் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னதுண்டு. அந்த ஆறுதலை நான் ஏற்பதில்லை. பெட்டியைத் திறந்திருந்தாலே கண்டிருப்பேன்.

அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பெரட்டில் மறுபடியும் பேச அனுமதி கேட்டேன். கங்காணி தம் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"எத்தன நிமிஷம் மிஸ்?"

"நாலு."

"பாப்போம்."

அதே களம், அதே கூடைகள். முழக்கம் எதையும் நான் கொண்டுவரவில்லை. மிஞ்சிய மாத்திரைகளைத் தாமாக விழுங்கக் கூடாது என்று முன்னர் சொன்னது சரி என்றேன். எவருக்கும் விதிவிலக்கில்லை என்று சொன்னது தவறு என்றேன். வைத்தியர் ஒருவருக்கென்று குறித்து, கைவசம் வைத்திருக்கச் சொன்ன மருந்தை அவர் யாருக்கும் கொடுக்கக் கூடாது; நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றேன். அந்தத் தவறினால் நம்மில் ஒருவர் சாவின் வாசல்வரை போய் வந்தார், அதற்குப் பொறுப்பு என்னுடையது என்றேன். களத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டல் இல்லாத மௌனத்தையும் ஒரு பேச்சாளர் தாங்கப் பழக வேண்டும். அதில்தான் மக்கள் யோசிக்கிறார்கள்.

அப்போது பஞ்சவர்ணம் அக்கா நிரையிலிருந்து வெளியே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புதிய உறையை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். இந்த முறை அதில் பெயர் கிழிக்கப்படாமல் இருந்தது.

"இது என்னுது. யாரும் கேக்காதீங்க," என்றார். "மிஸ் சொல்றதக் கேளுங்க. ஆனா முழுசாச் சொல்லச் சொல்லிக் கேளுங்க."

களம் சிரித்தது. கங்காணி கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் முடிஞ்சுருச்சு, நடங்க, நடங்க!" என்று கத்தினார். இந்த முறை எல்லோரும் அவரை மதித்து நடந்தார்கள். பனி கலைந்த மலையில் கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. நடுவில் அவருடைய கூடையும் ஏறியது. அது கண்ணுக்கு மறையும்வரை நான் களத்திலேயே நின்றேன்.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் நான் மேடையேறுகிறேன். இன்றும் என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. ஆனால் எழுதி முடித்த உரையை உரக்கப் பேசிப் பார்க்குமுன் ஒரு வேலை செய்கிறேன். 'தவிர' என்ற சொல் எங்கே என்று தேடுகிறேன். அது இல்லையென்றால், யாரை மறந்தேன் என்று யோசிக்கிறேன். இந்தப் பணிக்குப் புதிதாக வரும் நண்பர்களே, அந்தச் சொல்லை வெட்டாதீர்கள். அந்த இடத்தில் உங்கள் குரல் தாழத்தான் செய்யும். தாழட்டும்; அந்தத் தாழ்ந்த குரலுக்காக ஒருவர் நிரையில் நின்று காத்திருக்கலாம்.